பன்தோவுக்குப் பதவி உயர்வு கிடையாது

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. என் கடைக்கு ஃப்ளெக்ஸ் அடிக்க வந்த ஒரு பெண் கேட்ட கேள்வியிலிருந்து சுட்டுக்கொண்டேன். அனுமதி வாங்கினேனா என்றால், வாங்கினேன். எழுதியதைப் படித்த பிறகு கொடுத்த அனுமதியை அவள் திரும்ப எடுத்துக்கொள்ளப் பார்த்தாள். அது பின்னால் வரும்.

நான் சிவசங்கர். கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில் டி.டி.பி., ஃப்ளெக்ஸ், கல்யாணப் பத்திரிகைக் கடை வைத்திருக்கிறேன். கதையும் எழுதுவேன். இரண்டில் எது தொழில் என்று நீங்களும் கேட்காதீர்கள். வீட்டில் தினமும் கேட்கிறார்கள், அதுவே போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்த மாவட்டத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அது பெயருக்குக் கீழே போடும் பதவி. காதுகுத்தானாலும் கடைத்திறப்பானாலும் எங்கள் பக்கம் யார் பெயரையும் மொட்டையாகப் போட முடியாது. போட்டால் பந்தியிலேயே சண்டை வரும். என் வழி சுலபமானது. யாராக இருந்தாலும் ஒரு படி தூக்கிப் போட்டுவிடுவேன். ஒரே ஒரு லாரி வைத்திருப்பவர் 'டிரான்ஸ்போர்ட் அதிபர்'. மாட்டுத் தரகர் 'கால்நடை வர்த்தகர்'. துணைச் செயலாளர் 'செயலாளர்'. என்னை ஏன் உயர்த்தினாய் என்று இதுவரை ஒருத்தரும் சண்டைக்கு வந்ததில்லை.

[அந்தத் துணைச் செயலாளர் விஷயத்தில் மட்டும் அசல் செயலாளர் வந்தார். அது வேறு கதை.]

இப்படிப்பட்ட என்னிடம்தான் பாயிஸா கேட்டாள்.

"ண்ணா, ஒரு துணிக்கடைல ஒரு ஆளு. சின்னப் புள்ளைலேர்ந்து அங்கியேதான் கீறான். மொதலாளி இல்ல. ஆனா மொத்தக் கடையும் அவன் கையிலதான் ஓடுது. அவனுக்கு இங்கிலீஷ்ல இன்னா பேர் வெப்ப?"

நான் யோசிக்கவே இல்லை. "மேனேஜர்" என்றேன்.

"நீயுமா?" என்று தலையில் கைவைத்துக்கொண்டாள். கதை அங்கே ஆரம்பிக்கிறது.

2

இல்லை, அங்கேயும் இல்லை. ஆரம்பம் அவ்வளவு சுலபமாக வாய்க்கவில்லை. எழுதி எழுதிக் கிழித்ததில் சிலவற்றை மட்டும் காட்டுகிறேன்.

'கல்வராயன் மலையின் மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்த வேளையில் பாயிஸா—'

வேண்டாம். அந்த வேளையில் பாயிஸா கள்ளக்குறிச்சியில், அத்தா ஹயாத் பாஷாவின் ஹார்டுவேர் கடையில், முக்கால் இஞ்ச் எல்போவுக்கும் ஒரு இஞ்ச் எல்போவுக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மேகத்தை அண்ணாந்து பார்க்க அவளுக்கு எங்கே நேரம்? எங்கள் ஊரைப் பற்றி எழுதினால் உடனே மலையைக் காட்டவேண்டும் என்று கை தானாகப் போகிறது. அடக்கிக்கொண்டேன்.

'டோக்கியோவில் மழை. கள்ளக்குறிச்சியில் வெயில். இரண்டுக்கும் நடுவே ஒரு சொல்—'

அய்ய, சினிமா!

'ஹயாத் பாஷாவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் கடையைக் காப்பாற்றினாள். இளையவனுக்குக் கடை—'

இது தேவலை. ஆனால் முதல் வரியிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. நீங்கள் இப்போதே அந்த இளையவனை வெறுக்க ஆரம்பித்திருப்பீர்கள். அவன் பெயர் சுபைர். வெறுக்கும்படியான ஆளே இல்லை அவன், எனக்கு அதுதான் பெரிய தலைவலி. கெட்டவனாக இருந்திருந்தால் இந்தக் கதையை ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பேன்.

3

ஜோடனை இல்லாமல் சொல்கிறேன்.

பாயிஸா சென்னையில் ஒரு கம்பெனியில் இருந்தவள். ஜப்பான்கார வாடிக்கையாளருக்காகக் கம்பெனியே அவளுக்கு ஜப்பானிய மொழி கற்றுக்கொடுத்தது. அத்தாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆன வருஷம் ஊருக்கு வந்தாள், பிறகு போகவில்லை. கடை அவள் கைக்கு வந்தது. யாரும் கொடுக்கவில்லை, வந்துவிட்டது. சரக்குப் போடுவது, ஜி.எஸ்.டி. கட்டுவது, பிளம்பர்களை மிரட்டுவது எல்லாம் அவள்தான். கூட்டம் இல்லாத நேரத்தில் பி.வி.சி. பைப் கட்டுகளுக்குப் பின்னால் லேப்டாப்பைத் திறந்து மங்கா மொழிபெயர்ப்பாள்.

மங்கா என்றால் ஜப்பான்காரர்களின் படக்கதை. நமக்குக் கடைசிப் பக்கம் எதுவோ அதுதான் அவர்களுக்கு முதல் பக்கம். வெளிநாட்டில் ஒரு பதிப்பகத்துக்காக அவள் அதை இங்கிலீஷில் மாற்றித் தருகிறாள். இப்போது கையில் இருப்பது பழைய காலத்துத் துணிக்கடை ஒன்றின் கதை. கதாநாயகன் ஸேய்கிச்சி அந்தக் கடையின் 'பன்தோ'.

இந்தப் பன்தோதான் வில்லங்கம். பத்து வயசில் கொண்டுவந்து கடையில் விட்டார்கள். கூட்டிப் பெருக்கி, மூட்டை தூக்கி, கணக்குக் கற்று, தலைமை ஆளாக, அதாவது பன்தோவாக, வந்துவிட்டான். முதலாளியின் பிள்ளைகளை வளர்த்ததே அவன்தான். கடை மட்டும் அவனுடையது இல்லை. முதலாளிக்கு மனசு வந்தால் ஒருநாள் கடையின் பெயர் போட்ட வாசல் திரையில் ஒன்றைக் கையில் கொடுத்து, போய் உன் கடையைத் திற என்பார். மனசு வரவேண்டும்.

"வந்துச்சா?" என்று கேட்டேன்.

"ஏழாவது தொகுதி வரைக்கும் வரலண்ணா. அதுக்கு மேல இன்னும் வரைஞ்சிக்கினு கீறாங்க."

அங்கே வேலைப் பெயரைச் சொல்லி, மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்துத்தான் கூப்பிடுகிறார்கள். நாம் டாக்டரே, கண்டக்டரே என்கிற மாதிரி, பக்கத்துக்குப் பக்கம் 'பன்தோ சான்! பன்தோ சான்!' அதனால் அந்தச் சொல் பக்கத்துக்குப் பக்கம் வந்து நிற்கும். முதல் தொகுதியில் என்ன போடுகிறாளோ அதுவே கடைசித் தொகுதி வரைக்கும், மாற்றக் கூடாது என்பது பதிப்பகத்தின் விதி.

இன்னொரு சங்கடம். ஜப்பானிய எழுத்து மேலிருந்து கீழே இறங்கும். அதனால் பேச்சுக்குமிழ் புடலங்காய் மாதிரி ஒல்லியாக நீண்டிருக்கும். நாம் அதற்குள் இங்கிலீஷைப் படுக்கவைக்க வேண்டும். நீளமான வார்த்தை காலை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஒரு பக்கத்தை எனக்குக் காட்டினாள். என் தொழிலிலும் தினமும் இதே கஷ்டம்தான் என்பதால் எனக்கு உடனே புரிந்தது.

நான் விடுவதாக இல்லை. "மேனேஜர்னா இன்னா கொறச்சலு?"

"மேனேஜர்னா, சம்பளம் பத்தலன்னா எதிர்க்கடைக்குப் போய்டுவான்ணா. இவன் போவ மாட்டான். போவவும் முடியாது. அவன் வூடே அந்தக் கடைதான்."

"கிளார்க்கு?"

"கிளார்க்கு மொதலாளி புள்ளய அறைவானா? ரெண்டாவது தொகுதில இவன் வுடறான் பாரு ஒண்ணு! அவனப் போயி கிளார்க்குன்னா ரொம்ப தாழ்வு."

"ஸ்டூவர்ட்?"

"அரமனை வாசன ஜாஸ்தி."

"பன்தோன்னே வுட்டுடேன்."

"எடிட்டரம்மா வேணான்ட்டாங்க. அடிக்குறிப்புப் போடணுமே. போட்டா படிக்கறவங்க ஓடிப்போய்டுவாங்களாம்."

[நான் இதை நம்பவில்லை. இதோ, இவ்வளவு குறுக்கே பேசியும் நீங்கள் இன்னும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.]

எடிட்டரம்மாவும் 'மேனேஜர்' என்றே எழுதியிருந்தாராம். அந்த அம்மாள் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து எனக்கு அவர்மேல் தனி மரியாதை.

4

இப்போது ஃப்ளெக்ஸ்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலை இருக்கிறதே, அங்கே ஒரு கிளை திறக்கலாம் என்பது பாயிஸாவின் யோசனை. மலை ஜனங்கள் ஒரு மோட்டார் வாஷருக்காக பஸ் ஏறி, கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சி வரைக்கும் வந்து, ஒரு நாளைத் தொலைத்துவிட்டுப் போவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இடம் பிடித்தது அவள். ரேக் அடித்தது, கரண்டு இழுத்தது, மரவள்ளி போடுகிறவர்களுக்கு என்ன பைப் வேண்டும், எப்போது தார்ப்பாய் கேட்பார்கள் என்று சரக்கு இறக்கியது எல்லாம் அவள்தான்.

அந்தச் சமயம் பார்த்து சுபைர் துபாயிலிருந்து வந்து சேர்ந்தான். ஹயாத் பாஷா ராத்திரிச் சாப்பாட்டில் சாதாரணமாகச் சொல்லிவிட்டார், மலைக் கடை சுபைருக்கு என்று. ஃப்ளெக்ஸுக்கு இந்தத் தடவை மூன்று பேரும் சேர்ந்தே என் கடைக்கு வந்தார்கள்.

"மேல கடை பேரு. நடுவுல உரிமையாளர்னு சுபைர் பேரு" என்றார் ஹயாத் பாஷா. "ஓரமா என் பேரு போட்டா போதும் சிவசங்கரு."

"பாயிஸா பேருக்குக் கீழ இன்னா பாய் போடறது?"

"மகள்னு போடு."

சுபைர் குறுக்கே வந்தான். "மேலாளர்னு போடலாம் அத்தா. மொத்தமும் அக்கா பண்ணதுதான?"

ஹயாத் பாஷாவுக்குச் சுருக்கென்றது. "இன்னாடா பேசற? கூலிக்கு வெச்ச ஆளாட்டம் எம்பொண்ண மேலாளர்ன்றியா? மகள்னா அதுக்கு மேல ஒரு பதவி கீதாடா ஒலகத்துல?"

இங்கே நான் நிறுத்தி ஒன்று சொல்லியாகவேண்டும். அவர் சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, மனசாரச் சொன்னார். அவரைக் கஞ்சனாகவும் கல்நெஞ்சனாகவும் எழுதிப் பார்த்தேன். ஒட்டவே இல்லை. பாத்திரம் என்னைப் பார்த்துச் சிரித்தது.

பாயிஸா என் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மேலாளர்னே போடுண்ணா" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பன்தோவுக்கு ஆகாது என்று அவள் தூக்கியெறிந்த அதே சொல்!

"ஏம்மா?" என்றார் ஹயாத் பாஷா.

"மகள்னா எங்கியும் போவ முடியாது அத்தா. மேலாளர்னா, நாளைக்கு செரிப்பட்டு வரலன்னா போவலாம்."

"எங்க போவ?"

அவர் கோபமாகக் கேட்டிருந்தால் எனக்கு எழுதுவது சுலபமாக இருந்திருக்கும். பயந்துபோய்க் கேட்டார். நான் அவசர அவசரமாக டைப் அடித்தேன். பழக்கதோஷம், 'பொது மேலாளர்' என்று விழுந்துவிட்டது.

"பொதுவ எடுண்ணா" என்றாள்.

அத்தாவும் தம்பியும் டீ குடிக்கப் போன நேரத்தில் கேட்டேன். "கடைய எனக்குக் குடுன்னு நேராக் கேட்டா இன்னாம்மா? வாய் இல்லியா உனக்கு?"

"கேட்டா குடுத்துடுவாருண்ணா. தம்பியும் வுட்டுக்குடுத்துடுவான். எல்லாரும் நல்லவங்கதான். ஆனா நான் கேட்டு அவரு குடுத்தா அது தர்மம். எனக்கு தர்மம் வேணாம். இது உன் கடதாம்மான்னு அவரு வாயில தானா வரணும். அவ்ளோதான்."

அவ்ளோதானாம்! அந்த 'அவ்ளோதான்'தான் இந்தக் கதை முழுக்க.

5

முதல் வரைவை முடித்ததும் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். அதில் மூன்று முடிவுகள் வைத்திருந்தேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்று.

முதல் முடிவு: ஹயாத் பாஷா கண் கலங்கி, நடுக்கடையில், மகளின் கையில் சாவியை வைக்கிறார்.

இரண்டாவது: அவள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு சென்னை பஸ் ஏறுகிறாள். ஜன்னலுக்கு வெளியே தியாகதுருகம் மலை—

மூன்றாவது: ஜப்பானிலிருந்து ஒரு ஃபோன் வருகிறது.

கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றபடியே படித்து முடித்தாள். பிளம்பர்களைப் பார்க்கிற அதே பார்வையால் என்னைப் பார்த்தாள்.

"இன்னாண்ணா இது? சாவி எங்கிட்டதான் கீது. தெனம் நான்தான் ஷட்டர் தூக்கறேன். சென்னைக்கு எதுக்குப் போறேன் நானு? மூணாவது... ண்ணா, ஜப்பான்ல எவன் எனக்கு ஃபோன் பண்ணுவான்? அவங்க மெயில்தான் அனுப்புவாங்க."

"கதைக்காகம்மா."

"கதைக்காக என்ன எதுக்குண்ணா தூக்கி வுடற? ஆளு எங்க நிக்கறாளோ அங்கியே நிக்க வையி. கிழிச்சுப் போடு, நான் ஒத்துக்கல."

சமாதானமாகப் பேச்சை மாற்றினேன். "பன்தோ இன்னா ஆனாரு?"

"அனுப்பிட்டேன்" என்றாள். முகம் மலர்ந்துவிட்டது. "ஹெட் கிளார்க்கு. ஹெட் மேல வரி, கிளார்க் கீழ வரி. புடலங்காய்ல அழகா உக்காந்துச்சு."

"தாழ்வுன்னியேம்மா!"

"தாழ்வுதான்ணா. அவன அங்க தாழ்வாதான் வெச்சிக்கினு கீறாங்க. மொத்த வேலையும் வாங்கிக்கினு, கொஞ்சிக்கினு, தாழ்வாவே வெச்சிக்கினு கீறாங்க. நான் எதுக்கு இங்கிலீஷ்ல அவனுக்குப் பிரமோஷன் குடுக்கணும்? இவ்ளோ பண்றவன போயி கிளார்க்குன்றாங்களேன்னு படிக்கறவனுக்குக் கோவம் வரட்டும். எடிட்டரம்மாக்கு இதத்தான் எழுதினேன். அன்னிக்கே சரின்ட்டாங்க."

எடிட்டரம்மாவும் கட்சி மாறிவிட்டார். நான் தனி ஆளானேன்.

எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்கவில்லை. ஊர் முழுக்க நான் தூக்கிவிட்ட பதவிகள் கம்பத்துக்குக் கம்பம் தொங்குகின்றன. ஒரே பேச்சில் அத்தனையையும் கிழித்துப் போட்டுவிட்டாளே! வீட்டுக்குப் போய் நன்றாக யோசித்தேன். ஃப்ளெக்ஸில் நான் படி தூக்குவதை நிறுத்தப் போவதில்லை. அது வியாபாரம். கால்நடை வர்த்தகர் சந்தோஷமாகத்தான் இருக்கிறார், அவரை ஏன் இறக்கவேண்டும்? ஆனால் கதையில் அந்த வேலை செல்லாது. நான் எழுதிய மூன்று முடிவுகளுமே பதவி உயர்வுதான். பாவமான பெண் ஒருத்தியை ஒரு படி தூக்கி, வாசகரைக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போகச் சொல்வது. மூன்றையும் அடித்துவிட்டேன். அவளிடம் காட்டினேன். அனுமதி திரும்பக் கிடைத்தது.

6

நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

வெள்ளிமலையில் கடைத்திறப்பு. ஃப்ளெக்ஸ் கட்ட நானே போயிருந்தேன். காற்று ஃப்ளெக்ஸைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. ஹஜ்ரத் துவா ஓதினார். எல்லாருக்கும் ஜிலேபி கொடுத்தார்கள். மேலாளர் பாயிஸா பில் புத்தகத்தோடு மேசையில் உட்கார்ந்திருந்தாள். உரிமையாளர் சுபைர் வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தான்.

முதல் வாடிக்கையாளர் பெரியநாயகி. பக்கத்துக் கிராமத்தில் மரவள்ளி போட்டிருக்கிறவர். ஓஸ் பைப்பைத் தானே இழுத்து, மடக்கி, முகர்ந்துகூடப் பார்த்துவிட்டு, ஒரு சுருள் எடுத்துக்கொண்டு இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினார்.

போணி. எங்கள் ஊர்க் கடைகளில் தினமும் முதல் வியாபாரத்தின் காசை யார் வேண்டுமானாலும் வாங்கிவிட முடியாது. கடை யாருடையதோ அவர் கை வாங்கவேண்டும். இல்லையென்றால் கைராசிக்காரர் வாங்கவேண்டும். கள்ளக்குறிச்சிக் கடையில் இத்தனை வருஷமாக பாயிஸாதான் வாங்குகிறாள். அவள் ஷட்டரைத் தூக்கிவிட்டு வெளியே போயிருந்தால் ஹயாத் பாஷா வந்த ஆளை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துக் காக்க வைப்பார். எது ராசி, எது உரிமை என்று அவர் ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை.

அன்றைக்கும் பழக்கத்தில் சொல்லிவிட்டார். "பாயிஸா, வாங்கிக்கம்மா."

பாயிஸா எழுந்திருக்கவில்லை. பில்லைக் கிழித்து பெரியநாயகியின் முன்னால் வைத்தாள். "நான் மேனேஜரு அத்தா. பில்லு போடுவேன். போணி மொதலாளிதான் வாங்கணும்."

ஹயாத் பாஷா சுபைரைப் பார்த்தார். சுபைர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"டேய், வாங்குடா."

"நீ சொல்லு அத்தா, யாரு கடைன்னு. அவங்க வாங்கட்டும். நீ இவ்ளோ நாளா யாரு கையில குடுத்த?"

அவன் அப்படிச் சொல்வான் என்று நான் நினைக்கவே இல்லை. பாயிஸாவும் நினைக்கவில்லை. பேனா மூடியைத் தப்பான முனையில் மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹயாத் பாஷா மகனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். ஆபரேஷன் தழும்பு இருக்கும் இடத்துக்குத் தானாகவே கை போனது.

பெரியநாயகி நோட்டை ஆட்டினார். "யாருனா ஒருத்தரு கை நீட்டுங்க சாமி. எனக்கு பஸ்ஸு போய்டும்."

ஹயாத் பாஷா வாயைத் திறந்தார்.

அவர் சொன்னது எனக்குத் தெரியும். பக்கத்திலேயே நின்றேன், எனக்குக் காதும் நன்றாகவே கேட்கும். ஆனால் எழுதமாட்டேன். நான் எழுதினால் அதில் என் கை ஒரு படி கூடக்குறைய வேலை செய்துவிடும், என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால் கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை பஸ் ஏறுங்கள். இறங்கி யாரைக் கேட்டாலும் கடையைக் காட்டுவார்கள். காலையில் ஷட்டர் திறக்கும்போதே போய்விடுங்கள். கால் கிலோ ஆணியோ ஒரு தாழ்ப்பாளோ வாங்குங்கள், வீட்டுக்கு எப்படியும் ஆகும். காசை நீட்டுங்கள். எந்தக் கை வந்து வாங்குகிறது என்று பாருங்கள். அந்த முகத்தையும் பாருங்கள்.

நோட்டாகவே கொண்டுபோங்கள். அங்கே ஜிபேவுக்குச் சிக்னல் கிடைக்காது.